தெஹிவளை வீட்டுக்கு எந்தத் துவக்கு?

கேள்வி: தெஹிவளையில் தனி வீடு. போன மாதம் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளில் கள்ளர் புகுந்துவிட்டார்கள். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர், "ஒரு சொட்கன் வாங்கி வையுங்கோ" என்கிறார். எந்த வகை நல்லது? வீட்டில் 7, 10 வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பதில்: மைத்துனரின் ஊரில் இது கடையில் கேட்கிற கேள்வி. இங்கே இலங்கையில் துவக்குகளுக்கென்றே 1916ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது; முதலில் அனுமதிப்பத்திரம், அப்புறம்தான் துவக்கு. பாதுகாப்பு அமைச்சுக்கு விண்ணப்பித்து, உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். ஒழுங்கையில் கள்ளர் திரிகிறார்கள் என்பது போதாது என்றே நினைக்கிறேன். கிடைத்தாலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டும். 2024 கடைசியில், தற்காப்புக்கென்று கொடுத்த துவக்குகளையே மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னார்கள். யாராவது 'கள்ளமாக ஒன்று எடுத்துத் தாறன்' என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். கள்ளன் தப்பிவிடுவான், மறியலுக்குப் போவது நீங்கள்தான்.

சரி, அனுமதி கிடைத்தது என்றே வைப்போம். வவுனியாவில் என் சித்தப்பா தோட்டக் காவலுக்கு ஒரு சொட்கன் வைத்திருந்தார். ஓர் இரவு கோடிப்பக்கம் சத்தம். துவக்கு அலுமாரிக்குள், தோட்டா பெட்டகத்துக்குள், இரண்டின் திறப்பும் சித்தியின் இடுப்பில், சித்தியோ மகள் வீட்டில். கடைசியில் அவர் தொண்டை கிழியக் கத்தித்தான் கள்ளனைத் துரத்தினார். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும். பூட்டிய துவக்கு அவசரத்துக்குக் கைக்கு வராது. பூட்டாமல் வைத்தால் உங்கள் 7 வயதுக்காரர் அதை முதலில் கண்டுபிடிப்பார்.

அந்தக் காசைக் குசினிக் கதவில் போடுங்கள். முன்கதவுக்கு விலையுயர்ந்த பூட்டுப் போட்டுவிட்டுப் பின்கதவை ஒரு சின்னக் கொண்டியோடு விடுவதுதான் நம்மவர் வழக்கம். இன்றைக்கே அந்தக் கதவைச் சாத்தித் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பாருங்கள். நிலை ஆடினால் தச்சனைக் கூப்பிடுங்கள். உக்கிய மரத்தில் எந்தப் பூட்டும் நிற்காது. கொண்டியை அரை அங்குலத் திருகாணியில் தொங்கவிடாமல், மூன்று அங்குலத் திருகாணி சுவர்வரை இறங்கட்டும். பின்பக்கத்துக்கு ஆள் நடமாடினால் எரிகிற விளக்கு ஒன்று. பொலிசின் 119 பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கட்டும். யன்னல் கம்பிகளில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கக்கூடியதாக இருக்க வேண்டும், தீப்பிடித்தால் வெளியே வர. அதன் திறப்பை ஆணியில் மாட்டுங்கள், ஆனால் வெளியிலிருந்து கைவிட்டால் எட்டாத தூரத்தில்.