3,830க்கு 351: எதை எண்ணினார்கள்?

கேள்வி: இலங்கைப் போர் நிறுத்த உடன்படிக்கையைப் புலிகள் 3,830 தடவை மீறினார்கள், அரசுத் தரப்பு மீறியது 351 தடவை. நார்வே தலைமையிலான கண்காணிப்புக் குழுவே கொடுத்த கணக்கு இது. பதினொன்றுக்கு ஒன்று! அப்புறமும் 'இரு தரப்பும்' 'பொதுமக்கள்' என்று நீங்கள் இழுத்துக்கொண்டிருப்பது ஏன்?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: எண்கள் சரி. 2002 பிப்ரவரியிலிருந்து 2007 ஏப்ரல் வரைக்குமான பட்டியலில் இருப்பவைதான். ஆனால் அந்தப் பட்டியலின் தலைப்பை நீங்கள் படிக்கவில்லை என்று தெரிகிறது. அது செத்தவர்களின் கணக்கோ விழுந்த குண்டுகளின் கணக்கோ கிடையாது. ஒருவர் புகார் கொடுத்து, கண்காணிப்பாளர்கள் விசாரித்து, 'ஆம், இது மீறல்தான்' என்று முடிவுகட்டிய புகார்களின் கணக்கு. ஒரு புகாருக்கு ஒரு வரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏதாவது சொல்வதற்குமுன் எந்தெந்தப் புகார் வரியாக ஏறியது, எது ஏறவில்லை என்று பார்க்க வேண்டாமா?

முதலில் ஏறியது. மட்டக்களப்புப் பக்கத்து ஒரு தாயை வைத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவுக்குப் போன பதினைந்து வயதுப் பிள்ளை திரும்பவில்லை, இயக்கம் கொண்டுபோய்விட்டது. தாயிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. எந்த நாள், எந்த வீதி, கூட்டிப்போனது யார் என்பதெல்லாம் தெரியும். அலுவலகத்துக்கு வந்து சொல்கிறார். கண்காணிப்பாளர் புலிகளின் அரசியல் பணிமனைக்குப் போய்க் கேட்கிறார். பிள்ளை அங்கே இருக்கிறது, வயது பதினெட்டுக்குக் கீழே. உடன்படிக்கையின் 2.1ஆம் பிரிவு சித்திரவதை, மிரட்டல், கடத்தல், கப்பம் (மிரட்டிப் பணம் பறிப்பது), தொந்தரவு என்று பொதுமக்களுக்கு எதிரான எதையும் செய்யக்கூடாது என்கிறது. பிரிவு தெளிவு, குற்றஞ்சாட்டப்பட்டவர் தெளிவு, சாட்சி எதிரே உட்கார்ந்திருக்கிறார். தீர்ப்பு: மீறல். புலிகளின் 3,830இல் 1,700க்கும் மேற்பட்டவை இப்படிப்பட்ட சிறுவர் ஆட்சேர்ப்பு. 'எல்லாம் வெள்ளைக்காரன் இட்டுக்கட்டியது' என்று கடிதம் எழுதும் இன்னொரு வகை வாசகர்களும் நமக்கு உண்டு. அவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு தாயோ தகப்பனோ, பயத்தை விழுங்கிக்கொண்டு, பஸ் ஏறி வந்திருக்கிறார்.

இனி ஏறாதது. யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தி. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், பின்னால் இருப்பவர் கைத்துப்பாக்கியால் சுடுகிறார், ஒழுங்கைக்குள் மறைந்துவிடுகிறார்கள். மறுநாள் பத்திரிகையில் 'இனந்தெரியாத ஆயுததாரிகள்'. 2005 கடைசியிலிருந்து ஈழத்துச் செய்தித்தாள்களில் இந்தச் சொல் இல்லாத நாளே குறைவு. புகார் கொடுக்கலாம், யார்மேல்? கண்காணிப்பாளர்களிடம் போலீஸ் அதிகாரம் இல்லை, தடயவியல் கூடம் இல்லை, யாரையும் அழைத்து விசாரிக்க முடியாது. ஆயுதமும் கிடையாது. சுட்டவன் யாருடைய ஆள் என்று நிறுவ முடியாவிட்டால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் வரி இல்லை. செத்தவர் இரு பட்டியலிலும் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சு. உடன்படிக்கையில் கையெழுத்திட்டவர்கள் இரண்டே தரப்பு: ரணில் விக்கிரமசிங்கவின் அரசு, பிரபாகரனின் புலிகள். மற்ற தமிழ் ஆயுதக் குழுக்களின் ஆயுதங்களை 30 நாளுக்குள் அரசு களைய வேண்டும் என்று 1.8ஆம் பிரிவு சொன்னது. 2002இல் அது நடந்தது. ஆயுதம் இழந்தவர்களில் பலரைப் புலிகள் அதற்குப் பிறகு சுட்டார்கள். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா தன் ஆட்களோடு பிரிந்தார். உடன்படிக்கை எழுதியபோது அப்படியொரு குழுவே இருக்கவில்லை. ஏப்ரலில் வெருகல் ஆற்றங்கரையில் புலியும் புலியும் சண்டையிட்டபோது, அது அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சண்டை இல்லை என்பதால், உடன்படிக்கையில் அதைப் பொருத்திப் பார்க்க ஒரு வரிகூட இல்லை. அதன்பின் கிழக்கில் அந்தக் குழு செய்த கொலையை அரசின் கணக்கில் எழுத வேண்டுமானால், பின்னால் இராணுவம் இருந்தது என்று காட்ட வேண்டும். ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தது தீர்ப்புக்குப் போதாது.

புகார் கொடுப்பதே லேசுப்பட்ட காரியமா? யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று ஆறு மாவட்டங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் அமைத்தார்கள். குழுவுக்கு ஐந்து பேர்: அரசு நியமித்த இருவர், புலிகள் நியமித்த இருவர், தலைவராக ஒரு வெளிநாட்டவர். ஓய்வுபெற்ற நீதிபதி, மதகுரு, அரசு ஊழியர் என்று மதிப்பானவர்களையே போட்டார்கள் என்றாலும், யார்மேல் புகாரோ அவர்கள் நியமித்த இருவர் அந்த மேசையில் இருக்கிறார்கள். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்குள் இந்த ஏற்பாடுகூட இல்லை. கிளிநொச்சியில் ஒரு தொடர்பு அலுவலகம் மட்டும். புகார்களின் வரைபடத்தைப் போட்டால் அது அலுவலகங்களின் வரைபடத்தைப் போலத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் 351க்கு வருவோம். 2006 ஆகஸ்ட் 4. மூதூரில் ஏ.சி.எஃப். என்ற பிரெஞ்சு நிவாரண அமைப்பின் ஊழியர்கள் 17 பேர், அமைப்பின் பெயர் அச்சிட்ட டீ-சர்ட்டோடு, தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். கண்காணிப்பாளர்களை மூதூருக்குள் போகவிடாமல் தடுத்தார்கள். அந்த மாதக் கடைசியில் குழுவின் தலைவர் உல்ஃப் ஹென்ரிக்சன், அரசுப் படைகளே பொறுப்பு என்று தீர்ப்பு வெளியிட்டார். அரசு மறுத்தது. பட்டியலில் அதன் எடை என்ன? ஒரு தீர்ப்பு. பதினேழு சவப்பெட்டிக்கு ஒரு வரி. சோதனைச் சாவடியில் ஒருவரை வெயிலில் நிறுத்திவைத்துத் தொந்தரவு செய்ததும் ஒரு வரிதான். அதே கணக்கு மறுபக்கமும் பொருந்தும். 2006 ஜூன் 15இல் கெப்பித்திக்கொல்லாவையில் கிளைமோர் கண்ணிவெடி வெடித்து, பஸ்ஸில் போன அறுபதுக்கும் மேற்பட்ட சிங்களக் கிராமவாசிகள் மாண்டார்கள். குழந்தைகளும் அதில் அடக்கம். எந்தப் பட்டியலில் வைத்தாலும் அதுவும் ஒரு சம்பவம். சம்பவத்தை எண்ணும் முறையில் உடல்கள் தெரியாது.

உடன்படிக்கையில் எழுதப்படாததை மீறவும் முடியாது என்பது அடுத்தது. யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில், இராணுவம் பிடித்துவைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடுவாசலைப் பறிகொடுத்தவர்கள் போர் நிறுத்தக் காலம் முழுக்க முகாமிலும் சொந்தக்காரர் வீட்டிலும் இருந்தார்கள். பள்ளிக்கூடங்களை 160 நாளில் காலிசெய்ய வேண்டும் என்று எழுதியிருந்தது; வீடுகளைப் பற்றி அப்படியொரு கெடு இல்லை. வலயத்துக்குள் இருக்கும் கோயில்களுக்கு இருக்கிறது பாருங்கள் ஒரு விதி: ஆயுதப் படையினர் வெளியேற வேண்டும், பொதுமக்கள் உள்ளே வர முடியாவிட்டாலும் வேலையாட்கள் கட்டடத்தைப் பராமரிக்க வேண்டும். சாமிக்கு வீடு திரும்பக் கிடைத்தது, கும்பிடுகிறவனுக்குக் கிடைக்கவில்லை. மீறல்? பூஜ்யம்.

கடலும் அப்படியே. தரையில் இரு முன்னரங்குகளுக்கும் இடையே குறைந்தது 600 மீட்டர் என்று அளந்து எழுதியவர்கள், கடலில் கோடே போடவில்லை. கடற்புலிகளின் படகு எங்கே ஓடலாம், எங்கே ஓடக்கூடாது என்று ஒவ்வொரு தடவையும் சண்டை. 2003 பிப்ரவரியில் நெடுந்தீவுக் கடலில் ஒரு படகைச் சோதனையிட்டு ஆயுதத்தைக் கண்டுபிடித்தார்கள். படகிலிருந்த மூன்று புலிகள் படகோடு வெடித்துச் செத்தார்கள். 2006 மே 11இல் எழுநூறுக்கும் மேற்பட்ட படையினரை ஏற்றிவந்த 'பேர்ள் குரூஸ்' கப்பலைக் கடற்புலிகள் துரத்தியபோது அதில் கண்காணிப்பாளர் ஒருவர் இருந்தார். கண்காணிப்புக் குழுவின் கொடி பறக்கும் கப்பலைத் தாக்கலாமா என்பது ஒரு கேள்வி. துருப்புக் கப்பலில் அந்தக் கொடிக்கு என்ன வேலை என்பது புலிகள் திருப்பிக் கேட்டது. கடல் தங்களுடையது என்று புலிகள் சொல்ல முடியாது என்று குழு முடிவு சொன்னது. விவாதம் அங்கேயும் முடியவில்லை.

எத்தனை பேரை வைத்துக்கொண்டு இவ்வளவும்? வடக்குக் கிழக்கு முழுமைக்கும், கடலையும் சேர்த்து, சுமார் அறுபது பேர். 2006 மேயில் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றியத்தின் உறுப்பு நாடுகளான சுவீடன், டென்மார்க், பின்லாந்துக்காரர்கள் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். செப்டம்பருக்குள் 57 பேர் 20 பேராக ஆனார்கள். மிஞ்சியது நார்வேயும் ஐஸ்லாந்தும். காலத்தைக் கவனியுங்கள். ஜூலையில் கிழக்கில் மாவிலாற்றுப் பாசன மதகைப் புலிகள் மூடினார்கள். ஆகஸ்ட் 6இல் அதைத் திறக்கவென்று ஹென்ரிக்சனே புலிகளோடு போனபோது இராணுவத்தின் ஷெல் விழுந்தது. ஆகஸ்ட் 11இல் முகமாலையில் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை அடைபட்டு, யாழ்ப்பாணம் கப்பலை நம்பி அரிசி வாங்கும் ஊரானது. புகார் மலைபோல் குவியும் மாதத்தில் எழுதுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் பெட்டி கட்டினார்கள். 2006–07இன் சாவுகள் பட்டியலில் தங்களுக்குரிய இடத்தைப் பிடிக்காததற்கு இதைவிடப் பெரிய மர்மம் தேட வேண்டியதில்லை.

அளவுகோல் மாறினால் எண் எப்படி மாறும் என்பதற்கு உக்ரைன். கிழக்கு உக்ரைனில் இருந்த ஐரோப்பியக் கண்காணிப்பாளர்கள் புகாரை எண்ணவில்லை, சத்தத்தை எண்ணினார்கள். கேமராவும் ட்ரோனும் வைத்து ஒவ்வொரு வெடியையும் தொடர் சூட்டையும் குறித்தார்கள். 2017இல் மட்டும் நான்கு லட்சத்துக்கும் மேல். அந்த முறையில் ஒரு பிள்ளையைக் கடத்தினால் எண் அசையாது. இலங்கை முறையில் ஓர் இரவு முழுக்க ஷெல் அடித்தாலும் ஒன்றுதான் கூடும். நான்கு லட்சத்தையும் நான்காயிரத்தையும் பக்கத்தில் வைத்து 'இலங்கையில் பரவாயில்லை' என்று சொல்ல உங்களுக்கே மனம் வராது. பின்னே 3,830ஐயும் 351ஐயும் மட்டும் தராசில் ஏற்றுவது எப்படி?

ஒன்றும் வேண்டாம், உங்கள் முறையிலேயே கணக்கைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பாருங்கள். 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து எந்தத் தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்பது உடன்படிக்கையின் 4.4ஆம் பிரிவு. 2008 ஜனவரி 2இல் அரசு விலகல் முடிவை அறிவித்தது. 16ஆம் தேதி கண்காணிப்புக் குழுவின் வேலை முடிந்தது. அன்றிலிருந்து 2009 மே வரை புலிகளின் மீறல் பூஜ்யம், அரசின் மீறலும் பூஜ்யம்.