ஸ்டாண்டிங் சீம் கூரையில் சோலார்: ஓட்டை போடாமல் நிற்குமா?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை யூனிட் நடத்துகிறேன். 30 மீட்டர் அகலமுள்ள பி.இ.பி. ஷெட் (பாகங்களைத் தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து பூட்டுகிற எஃகுக் கட்டடம்), கட்டிப் பத்து வருடம் ஆகிறது. கூரை ஸ்டாண்டிங் சீம் வகை, அதாவது பக்கத்துப் பக்கத்து ஷீட்களின் ஓரத்தை நிமிர்த்தி ஒன்றாக மடித்தது; அந்த மடிப்புதான் சீம். ஷீட்டின் மேல் எங்கும் ஸ்க்ரூ தெரியாது. 100 கிலோவாட் சோலார் போட இரண்டு கொட்டேஷன் வாங்கினேன். ஒருவர் எல் பிராக்கெட்டை செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவால் அடித்து, சுற்றிலும் சிலிக்கான் பூசிவிடலாம் என்கிறார். விலை குறைவு. இன்னொருவர் சீமைக் கவ்விப் பிடிக்கிற கிளாம்ப் போடலாம் என்கிறார். விலை கூடுதல். வெறும் கவ்வலை நம்பி இவ்வளவு பேனலை ஏற்றலாமா? ஆடிக் காற்றுக்குத் தாங்குமா?

பதில்: கிளாம்ப் போடுங்கள். ஸ்க்ரூ அடிக்கச் சொன்னவரின் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்கள் கூரைக்கு ஏற்ற முறை இல்லை. ஆனால் கிளாம்ப் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிடாதீர்கள். கவனிக்க வேண்டிய இடம் கிளாம்புக்குக் கீழே, ஷீட்டுக்குள் மறைந்திருக்கிறது.

உங்கள் கூரையில் ஸ்க்ரூ தெரியாததற்குக் காரணம், ஷீட்டைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் சீமின் மடிப்புக்குள்ளே இருப்பதுதான். அந்தக் கிளிப் மட்டுமே பர்லினில், அதாவது ஷீட்டைக் கீழிருந்து தாங்குகிற குறுக்குச் சட்டத்தில், ஸ்க்ரூவால் இறுக்கப்பட்டிருக்கும். ஷீட் அதன் மேல் முன்னும் பின்னும் நகரும். அதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். முகட்டிலிருந்து ஓரம் வரை 15 மீட்டர் நீள ஷீட். விடியற்காலையில் 25 டிகிரியில் இருக்கிற தகடு சித்திரை மதியத்தில் 65 டிகிரியைத் தொடும். இந்த 40 டிகிரி வித்தியாசத்துக்கு எஃகு சுமார் 7 மில்லிமீட்டர் நீளும், மாலையில் சுருங்கும். தினமும் இது நடக்கிறது. ஷீட்டையும் பர்லினையும் சேர்த்து ஸ்க்ரூ அடித்தால் அந்த நகர்வு அங்கே தடைபடும். ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள துளை நாள்பட நாள்பட நீள்வட்டமாகும், சிலிக்கான் பிரியும், தண்ணீர் இறங்கும். பர்லின் வரை போகாமல் ஷீட்டோடு மட்டும் ஸ்க்ரூவை நிறுத்தினால், அரை மில்லிமீட்டர் தகட்டில் பிடித்திருக்கிற மரைதான் காற்றைத் தாங்க வேண்டும். இரண்டுமே வேண்டாம். ஓட்டை போட்டால் ஷீட் கம்பெனியின் உத்தரவாதமும் பொதுவாகப் போய்விடும். (அந்த சிலிக்கான் புளிக்காடி வாசனை அடிக்கிற ரகமாக இருந்தால் துத்தநாகப் பூச்சை அரிக்கவும் செய்யும்.)

மேடும் பள்ளமுமாக மடித்த சாதாரண டிராப்பீசாய்டல் ஷீட் போட்ட ஷெட்களில் மேட்டில் சிறிய ரெயில் வைத்து, இ.பி.டி.எம். ரப்பரோடு ஸ்க்ரூ அடிப்பது வழக்கம்தான். அந்த ஷீட் ஏற்கெனவே ஸ்க்ரூவில் நிற்பது. உங்கள் கான்ட்ராக்டர் அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கலாம்.

இனி, கவ்வல் போதுமா என்ற உங்கள் சந்தேகம். சீம் கிளாம்ப் என்பது இரண்டு பக்கமும் சீமை அணைத்து உட்காரும் அலுமினியக் கட்டை. பக்கவாட்டில் இருக்கிற செட் ஸ்க்ரூவின் முனை உருண்டையாக இருக்கும். அது தகட்டைத் துளைக்காமல் சின்னக் குழி விழுமளவுக்கு அழுத்திப் பிடிக்கும். தரமான கிளாம்பை இழுத்துப் பரிசோதித்தால் பிடி விடுவதற்கு முன் நூற்றுக்கணக்கான கிலோ தாங்கும். எவ்வளவு என்பது ஷீட்டின் வடிவம், தடிமன், உலோகம் மூன்றையும் பொறுத்தது. அதனால் பொதுவான கேட்டலாக்கை ஏற்காதீர்கள். உங்கள் ஷீட்டின் அதே வடிவத்துக்கும் தடிமனுக்கும் உள்ள டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். சீம் எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தாலும் இரட்டை மடிப்பு, ஸ்னாப் லாக், உருண்டைத் தலை என்று பல வகை உண்டு. கிளாம்பும் அதற்கேற்ப மாறும். ஷெட் கட்டியவரிடம் மிஞ்சிய ஷீட் துண்டு இருந்தால் வாங்கி, கிளாம்ப் விற்பவரிடம் காட்டுவது நல்லது.

காற்றுக்கு வருவோம். கட்டடங்களின் காற்றுப் பாரத்துக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875 பாகம் 3, கோவைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர் என்று கொடுக்கிறது. சென்னைக்கு 50. உங்கள் ஊருக்கும் கோவையின் அளவையே வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் டிசைன் போடுவது அதற்கும் மேலான கடும் காற்றுக்கு. வேகத்தின் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் அழுத்தம் நியூட்டனில் கிடைக்கும்: சதுர மீட்டருக்குச் சுமார் 913 நியூட்டன், அதாவது 93 கிலோ. இப்போது வருகிற 550 வாட் பேனல் ஏறத்தாழ 2.28 மீட்டருக்கு 1.13 மீட்டர், அதாவது 2.6 சதுர மீட்டர். இந்த அழுத்தம் முழுவதும் தூக்கலாக விழுந்தால் ஒரு பேனலை 240 கிலோ மேலே இழுக்கிறது. பேனலின் எடையோ 30 கிலோவை ஒட்டித்தான். எடையைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள், தூக்கலைப் பற்றிக் கேட்பவர் குறைவு. கட்டட உயரம், சுற்றுப்புறம், ஜன்னல் ஷட்டர் திறந்திருப்பது எல்லாம் இந்த எண்ணை மாற்றும். கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் தூக்கல் நடுப்பகுதியைவிடக் கணிசமாக அதிகம். அதனால் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் போட வேண்டும்.

அந்த 240 கிலோ எந்த வழியாக இறங்குகிறது? பேனலிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து சீமுக்கு, சீமிலிருந்து உள்ளே இருக்கிற கிளிப்புக்கு, கிளிப்பிலிருந்து பர்லினுக்கு. கிளாம்ப் விட்டுக்கொடுப்பதற்கு முன்பே சீம் கிளிப்பைவிட்டுக் கழன்றுவரலாம், அல்லது கிளிப்பின் ஸ்க்ரூ பர்லினிலிருந்து பிடுங்கிக்கொள்ளலாம். இந்த இரண்டையும் கிளாம்பின் டெஸ்ட் ரிப்போர்ட் சொல்லாது.

உதாரணத்துக்கு, சீம்களுக்கு இடையே 600 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ரெயில் இல்லாமல் பேனலின் நீளப் பக்கம் சீம்களுக்குக் குறுக்கே வரும்படி வைத்து நேராகச் சீமில் பிடிப்பது இப்போது பிரபலம், செலவு குறைவு. பேனலின் இரு முனையிலிருந்தும் கால் பங்கு தூரத்தை ஒட்டிக் கிளாம்ப் வரவேண்டும் என்றுதான் பெரும்பாலும் பேனல் கம்பெனியின் மேனுவலில் இருக்கும். அப்படியானால் இரண்டு பிடிகளுக்கும் இடைவெளி 1140 மில்லிமீட்டரை ஒட்டி வரும். ஒரு சீம் விட்டு ஒரு சீமில் பிடித்தால் 1200; மேனுவல் அனுமதிக்கிற எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்த பேனலுக்கும் இதே கணக்கு நிற்க வேண்டுமானால் 2400-க்கு ஒரு பேனல் வைத்து, நடுவில் 12 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆனால் கவனியுங்கள்: முன்பு எல்லாச் சீம்களும் பகிர்ந்துகொண்ட தூக்கலை இப்போது பாதிச் சீம்கள் மட்டும் ஏற்கின்றன. அந்தச் சீம்களின் கிளிப்புகளுக்குப் பாரம் ஏறத்தாழ இரட்டிப்பு. கூரையின் நடுப்பகுதியில் இது கணக்கில் அடங்கலாம். ஓரத்திலும் மூலையிலும் அடங்காமல் போக வாய்ப்பு அதிகம். அங்கே குறுக்கே ரெயில் போட்டு ஒவ்வொரு சீமிலும் கிளாம்ப் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். 100 கிலோவாட்டுக்குச் சுமார் 182 பேனல், பேனல் பரப்பு மட்டும் 470 சதுர மீட்டர். உங்கள் ஷெட் 60 மீட்டர் நீளமிருந்தால் 1800 சதுர மீட்டர் கூரை இருக்கிறது. ஓரத்தைத் தொட வேண்டிய அவசியமே வராது.

கீழ்நோக்கிய பாரம் பேனல், ரெயில், கிளாம்ப் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 15 கிலோவுக்குள் முடியும். சின்ன எண்தான். ஆனாலும் பி.இ.பி. ஷெட்டில் எஃகை இறுக்கிப் பிடித்து டிசைன் செய்வார்கள். இந்த அளவு கூடுதல் பாரத்துக்கு இடம் வைத்திருக்கிறார்களா என்பதை ஷெட் கட்டிய கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். அப்படியே கிளிப்பின் தூக்கல் தாங்குதிறனையும் கேளுங்கள். இந்தக் கடிதம் இல்லாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

பேனலைச் சாய்த்து நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் ஊர் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, பி.இ.பி. கூரையின் சாய்வு வழக்கமாகப் பத்துக்கு ஒன்று, அதாவது 6 டிகிரியை ஒட்டி. கூரைக்கு இணையாகவே படுக்கவிட்டால் உற்பத்தி பெரிதாகக் குறையாது, வடக்குப் பார்த்த பக்கத்தில்கூட. சாய்த்தால் காற்றுப் பிடிப்புதான் கூடும். தாழ்ந்த சாய்வில் தூசி கீழ்ச்சட்டத்தில் தேங்கும். கழுவ ஆள் நடக்க வழி விடுங்கள். வெளிச்சத்துக்காகப் போட்டிருக்கும் ஸ்கைலைட் ஷீட்டைச் சுற்றித் தடுப்பு வையுங்கள். அதன் மேல் கால் வைத்து விழுகிறவர்கள் உண்டு.

வேலை நடக்கும்போது நீங்களோ உங்கள் மெயின்டனன்ஸ் ஆளோ மேலே இருப்பது நல்லது. செட் ஸ்க்ரூவை இம்பாக்ட் டிரில்லால் கண்மூடித்தனமாக இறுக்கக் கூடாது. கிளாம்ப் கம்பெனி கொடுத்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, பெயின்ட் மார்க்கரால் அடையாளம் போட வேண்டும். உள்ளே கிளிப் இருக்கிற இடத்தின் மேலேயே கிளாம்பை இறுக்கினால் சில வடிவங்களில் ஷீட்டின் நகர்வு பூட்டிக்கொள்ளும். பர்லின் கோட்டைவிட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். முகட்டைத் தாண்டி ரெயிலை ஓட்டக் கூடாது. கூரை மேல் கிரைண்டர் வைத்து இரும்பை அறுத்தால் பொறியும் தூளும் ஷீட்டில் ஒட்டித் துருப்பிடிக்கும். அறுக்கிற வேலை தரையில் நடக்கட்டும். எர்த்திங்குக்குச் செம்புக் கம்பி வந்தால் அது ஷீட்டைத் தொடக் கூடாது, அதிலிருந்து வடிகிற மழைநீரும் ஷீட்டில் விழக் கூடாது, பூச்சு அரித்துவிடும். டி.சி. கேபிளை ஷீட்டின் மேல் கிடத்தாமல் தூக்கிக் கட்ட வேண்டும். தகட்டின் விளிம்பில் உரசி உறை கிழிந்தால் தீ வரை போகும்.

இப்போதே எங்காவது ஒழுகினால் அதை முதலில் சரிசெய்யுங்கள். பேனல் ஏறிய பிறகு ஒழுகல் எங்கே என்று தேடுவது பெரும்பாடு. பில்லை முழுதாகக் கொடுப்பதற்கு முன், பத்துப் பதினைந்து கிளாம்பைத் தற்செயலாகத் தேர்ந்து டார்க் சரிபார்க்கச் சொல்லுங்கள். முதல் ஆடிக் காற்று முடிந்ததும் ஒருமுறை அதே சோதனையைச் செய்து தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.