அணைக்கு வெளியே இருக்கும் சேறு

கேள்வி: என் மகன் தென்கொரியாவில் குன்சான் பக்கம் வேலை பார்க்கிறான். கடலுக்குள் போட்ட நீளமான அணை மேல் நின்று படம் எடுத்து அனுப்பினான். அணைக்கு உள்ளே நிலமாக்குகிறார்கள், அது புரிகிறது. ஆனால் வெளியே இருக்கும் சேற்றுத் தரையும் முன்பு மாதிரி இல்லை என்று அங்கே பெரியவர்கள் சொல்கிறார்களாம். வெளியே யாரும் கை வைக்கவில்லையே, அது ஏன் மாற வேண்டும்?
- வாசகி, திருமங்கலம்

அம்மா, உங்கள் மகன் நின்றது சேமன்கும் அணையாகத்தான் இருக்கும். நீளம் 33.9 கிலோமீட்டர். மதுரையிலிருந்து மேலூர் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடவே. 1991-ல் வேலை ஆரம்பித்து 2006 ஏப்ரலில் கடைசி இடைவெளியை அடைத்தார்கள். வெளியே உள்ள சேற்றில் யாரும் கை வைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சேற்றின் மேல் தினமும் வந்து போய்க்கொண்டிருந்த தண்ணீரை மறித்துவிட்டார்கள்.

மதுரையில் புவியியல் ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளைத் தொண்டிக்குப் பக்கத்தில் காரங்காட்டுக்கு அழைத்துப் போவேன். அலையாத்திக் காட்டு ஓரம், தண்ணீர் வற்றும் நேரம். நம் பாக் நீரிணையில் ஓதம், அதாவது கடல் தினமும் ஏறி வற்றுவது, முழங்கால் அளவுதான் இருக்கும். கொரியாவின் மேற்குக் கரையிலோ இரண்டு ஆள் உயரத்துக்கு மேல். அந்த முழங்கால் தண்ணீரே செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். சேற்றில் விரல் அகலத்தில் ஒரு ஓடை, அதில் வந்து சேரும் நூல் போன்ற ஓடைகள், மொத்தமாக ஒரு மரம் கிளை விரித்தது போல இருக்கும். ஒரு பையன் அதில் ஒரு கிளையைக் குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டான். கொஞ்ச நேரத்தில் அதற்குக் கீழே இருந்த ஓடை ஒடுங்கி, ஓரம் சரிந்து, மண் படிய ஆரம்பித்தது. மேலே அடைத்தால் கீழே வடிவம் மாறும். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் குதிகாலில் இருக்கிறது.

மீதிப் பாதியை நம் கண்மாயை வைத்துச் சொல்கிறேன். வரத்துக்கால் வழியாக வரும் வெள்ளம் கனமான மணலை நுழைகிற இடத்திலேயே போட்டுவிடும். மெல்லிய வண்டல்தான் உள்ளே தள்ளிப்போய், தண்ணீர் அசையாமல் நிற்கிற இடத்தில் படியும். கோடையில் வயலுக்கு அள்ளுகிறோமே, அதே வண்டல். ஓதச் சேற்றிலும் இதே கணக்குதான், என்ன, தண்ணீர் கடல் பக்கமிருந்து வருகிறது. கீழ்ப்பகுதியில் மணல், கரையை ஒட்டிய மேல்பகுதியில், ஏறிய தண்ணீர் நின்று திரும்புகிற அந்தச் சில நிமிடங்களில், மிக மெல்லிய சேறு. வண்டல் நிறைய வந்து, அலை குறைவாக இருந்தால் தரை முதுகு உப்பினாற்போல வளரும். வண்டல் குறைந்து அலை கூடினால் வயிறு ஒட்டினாற்போலக் குழிந்துவிடும்.

அணை வெட்டி எடுப்பது பெரும்பாலும் அந்த மேல்பகுதியைத்தான். அகலமான சேற்றில் உருண்டு உருண்டு வலுவிழந்து கரையில் அடங்கவேண்டிய அலை, இப்போது கல்லில் மோதித் திரும்புகிறது. சுவரின் அடியை அரிக்கிறது. உள்ளே போய்வந்த தண்ணீரின் அளவு குறைவதால் ஓடைகளுக்கு இழுப்பு போய்விடுகிறது. இழுப்பு இல்லாத ஓடை தூர்ந்துபோகும். நெதர்லாந்தில் 1932-ல் 32 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அணை போட்டு உள்கடல் ஒன்றை அடைத்தார்கள். அணைக்கு வெளியே ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறையவில்லை, கூடிவிட்டது. அங்கிருந்த கால்வாய்களில் மணல் சேர்ந்துகொண்டே இருந்தது, ஓரிரு வருஷம் இல்லை, பல பத்து வருஷங்கள்.

சரி, எல்லா இடத்திலும் சேறு அழிந்தே போகுமா என்றால், இல்லை. சீனாவில் ஜியாங்சு கடற்கரையில் சுவருக்கு வெளியே மறுபடியும் சேறு வளர்ந்தது. மஞ்சள் ஆறு 1855 வரை அந்தப் பக்கம்தான் கடலில் விழுந்தது. அது கொட்டிய வண்டல் அவ்வளவு. பதினோராம் நூற்றாண்டில் கடலோரத்தில் கட்டிய கரை ஒன்று இன்று பல பத்து கிலோமீட்டர் உள்நாட்டில் கிடக்கிறது. ஆனால் சேறு வளர வளர அடுத்த சுவரை இன்னும் வெளியே கொண்டுபோனார்கள். தண்ணீர் முழுக்க வற்றும்போது தெரிகிற கீழ்விளிம்பு அந்த வேகத்துக்கு நகரவில்லை. ஆக, இடையில் மிஞ்சும் சேறு வரவரக் குறுகி, சரிவு கூடுகிறது. அகலமான சேற்றில் மேய்ந்த உள்ளான் பறவைகளுக்கு இரை தேடும் நேரமும் இடமும் சுருங்கிவிட்டன. 2018-ல் சீன அரசே இப்படிக் கடலைத் தூர்ப்பதற்குக் கடுமையான தடை போட்டது.

இதை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நம் வைகை, வெள்ளக் காலம் போக, கடலுக்குப் போய்ச் சேருவதே அபூர்வம். வண்டலில் பெரும்பகுதி அணையிலும் கண்மாய்களிலும் தங்கிவிடுகிறது. ராமநாதபுரக் கரையில் உள்ள சேற்றை நாம் தூர்த்துவிட்டால், ஜியாங்சு போல ஈடுகட்ட நம்மிடம் ஒரு மஞ்சள் ஆறு கிடையாது. உயிரினங்கள் வாழும் சேற்றுத் தரையை 2011-ன் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை முதல் வகைப் பாதுகாப்பில் வைத்தது; அதன் இடத்தில் வந்த 2019-ன் அறிவிக்கையும் அப்படியே வைத்திருக்கிறது. "சும்மா கிடக்கிற சேறுதானே" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள்.

கேள்வி: கட்டிய சுவரை உடைத்துவிட்டால் பழைய சேறு திரும்பி வருமா?
- கல்லூரி மாணவர், மேலூர்

வரும், ஆனால் அதே வடிவத்தில் வருவது கடினம், தம்பி. அடைத்த நிலம் காய்ந்து அமுங்கிப் போயிருக்கும். வெளியே உள்ள சேற்றைவிடத் தாழ்வாகக்கூடக் கிடக்கும். உடைத்ததும் அந்தப் பள்ளத்தில் வண்டல் வேகமாகவே படியும். ஆனால் உழுது இறுகிய அடிமண்ணைக் கீறி ஓடைகள் கிளைவிட நாள் பிடிக்கும். இங்கிலாந்தில் வாலசீ தீவில் 2006-ல் இப்படி வேண்டுமென்றே கரையை வெட்டிக் கடலை உள்ளே விட்டார்கள். கொரியாவிலேயே சிஹ்வா ஏரி இருக்கிறது: 1994-ல் அடைத்து நன்னீர் ஏரியாக்கப் பார்த்தார்கள், தண்ணீர் கெட்டுப்போனது, மறுபடி கடல்நீரைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. 2011 முதல் அதே அணையில் ஓத மின்நிலையம் ஓடுகிறது, 254 மெகாவாட். தண்ணீர் போகவர வழி கிடைத்ததும் ஏரி தேறியது. அணை மட்டும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது.