பன்னிரண்டு பேர் கண்ணை மூடியபோது

அன்புள்ள ஐயா,

நாங்கள் ஏழு பேர், மாதம் ஒரு நாவல் என்று படித்துக் கூடிப் பேசுகிறோம். இந்த மாதம் ஜான் கிரிஷாமின் 'எ டைம் டு கில்'. பேச்சு சண்டையில் போய் முடிந்தது. ஒருவர் இரவெல்லாம் விழித்துப் படித்தேன், கடைசியில் அழுதுவிட்டேன் என்றார். இன்னொருவர், பழிவாங்கலுக்கு வக்காலத்து வாங்கும் புத்தகம் இது, இதற்குக் கைதட்டுகிறவன் நாளைக்குக் கும்பல் கொலைக்கும் கைதட்டுவான் என்றார். வழக்கறிஞரான தோழி, சட்டப்படி இதெல்லாம் நடக்காது என்று ஒதுக்கிவிட்டார். கறுப்பின மக்களின் துயரத்தை வெள்ளைக்கார வக்கீலின் வெற்றிக் கதையாக ஆக்கிவிட்டார்கள் என்று ஒருவருக்குக் கோபம். படம்தான் மேல் என்றார் ஒருவர். எனக்கோ கார்ல் லீ விடுதலையாக வேண்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. புத்தகத்தை மூடிய பிறகு, அப்படி ஆசைப்பட்டது சரிதானா என்று உறுத்துகிறது. இவர்களில் யார் சொல்வது சரி? இன்னொன்று: என் பதினைந்து வயது மகள் இந்த நாவலைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

நானும் முதல் தடவை அப்படித்தான் படித்தேன். ஒரே இரவு. தீர்ப்பு வரும் பக்கத்தில் எழுந்து நின்றுவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து இரண்டாம் முறை படித்தபோதுதான், நான் எதற்காக எழுந்து நின்றேன் என்று யோசித்தேன். அதனால் உங்கள் உறுத்தல் எனக்குப் புரிகிறது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் தென்பகுதியில் மிஸிஸிப்பி மாநிலம், கிளான்டன் என்ற கற்பனையான சிற்றூர், 1985. டோன்யா என்ற பத்து வயதுக் கறுப்பினச் சிறுமியை இரண்டு வெள்ளைக்காரர்கள் வன்புணர்ந்து, சித்திரவதை செய்து, செத்துவிட்டாள் என்று எறிந்துவிட்டுப் போகிறார்கள். அவள் பிழைக்கிறாள். அவளுடைய அப்பா கார்ல் லீ ஹெய்லி, நீதிமன்றப் படிக்கட்டில் வைத்து அந்த இருவரையும் சுட்டுக் கொல்கிறார். ஜேக் பிரிகன்ஸ் என்ற இளம் வெள்ளைக்கார வக்கீல் அவருக்காக வாதாடுகிறார். மரண தண்டனை வரக்கூடிய வழக்கு. ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேர், முழுக்க வெள்ளைக்காரர்கள்; அவர்கள் கடைசியில் கார்ல் லீயை விடுவிக்கிறார்கள்.

முதலில் உங்கள் வழக்கறிஞர் தோழியிடம் வருகிறேன். அவர் சொல்வதில் பெரும்பகுதி உண்மை. ஆனால் அந்த உண்மையை நாவலுக்கு எதிரான குற்றச்சாட்டாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். ஜேக்கின் வாதம், சுடும்போது கார்ல் லீயின் புத்தி பேதலித்திருந்தது என்பது. இதற்கான அளவுகோல் 1843இல் இங்கிலாந்தில் பிறந்தது. பிரதமர் ராபர்ட் பீலின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற டேனியல் மக்நாட்டனின் வழக்குக்குப் பிறகு வகுத்த விதி அது. தான் செய்வது என்னவென்றே தெரியாத அளவுக்கு, அல்லது அது தவறு என்று தெரியாத அளவுக்கு மனநோய் இருந்திருக்க வேண்டும். இப்போது கார்ல் லீயைப் பாருங்கள். தம்மோடு வியட்நாம் போரில் இருந்த பழைய நண்பரிடம் போய் எம்-16 துப்பாக்கி வாங்குகிறார். நீதிமன்றத்தை முன்கூட்டியே வந்து நோட்டம் விடுகிறார். படிக்கட்டருகே துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறையில் ஒளிந்து காத்திருக்கிறார். இதில் எங்கே பைத்தியம்? வாசகருக்கு இது தெரியும், ஜேக்குக்குத் தெரியும், கார்ல் லீக்கும் தெரியும். நாவல் இதில் எதையும் நம்மிடமிருந்து மறைக்கவில்லை.

அதாவது கதையின் நடுவில் ஒரு பொய் உட்கார்ந்திருக்கிறது. எல்லாரும் அறிந்த பொய். விடுதலை செய்ய விரும்புகிறவர்களுக்குச் சட்டத்தில் ஒரு கதவு வேண்டும், அந்தக் கதவின் பெயர்தான் மனநோய். இதை எழுதியவர் மிஸிஸிப்பியில் வக்கீல் தொழில் பார்த்தவர், அந்த மாநிலச் சட்டமன்றத்திலும் இருந்தவர். தெரியாமல் எழுதினார் என்று சொல்ல முடியாது.

உங்கள் தோழி வலுவாகக் கேட்கக்கூடிய கேள்வி வேறொன்று. மனநோய் காரணமாகக் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்தால், மனிதர் அப்படியே குடும்பத்தோடு வீட்டுக்குப் போய்விட முடியுமா? அமெரிக்காவில் பெரும்பாலும் மனநல மருத்துவமனைக்குத்தான் வழி. 1981இல் அதிபர் ரீகனைச் சுட்ட ஜான் ஹிங்க்லி 1982இல் இதே காரணத்தால் குற்றவாளி அல்ல என்று தீர்ப்புப் பெற்றார். மருத்துவமனையை விட்டு வெளியே வந்து வாழ அனுமதி கிடைத்தது 2016இல்தான். அந்தத் தீர்ப்பால் எழுந்த கோபத்தில் 1984இல் மத்திய அரசின் சட்டத்தையே இறுக்கினார்கள். பைத்தியம் என்று நிரூபிக்கும் பாரத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் வைத்தார்கள். கிளான்டன் வழக்கு மாநிலச் சட்டத்தின் கீழ் வருவது, ஆனாலும் காலம் அதுதான். கார்ல் லீ விஷயத்தில் நாவல் இந்தக் கேள்வியில் நிற்பதில்லை. வாசகரை மகிழ்ச்சியோடு வெளியே அனுப்பும் அவசரம் ஆசிரியருக்கு. இந்த இடத்தில் நான் தோழியின் பக்கம்.

படம் மேல் என்கிற நண்பரோடு மட்டும் என்னால் ஒத்துப்போக முடியாது. 1996இல் வந்த படத்தில் ஜேக் இறுதி வாதத்தில் ஜூரிகளைக் கண்ணை மூடச் சொல்கிறார். அந்தச் சிறுமிக்கு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இப்போது அவள் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்று முடிக்கிறார். அரங்கம் அதிரும் காட்சிதான், மறுக்கவில்லை. நாவலில் ஜேக் அதைச் சொல்வதே இல்லை. ஜூரி அறைக்குள், வக்கீலும் நீதிபதியும் இல்லாத இடத்தில், வாண்டா வோமேக் என்கிற பெண் சொல்கிறார். தம்மைப் போன்ற மற்ற வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கேட்கிறார்: கண்ணை மூடுங்கள், அவளுக்குப் பொன்னிற முடி, நீலக் கண்கள், செய்தவர்கள் கறுப்பர்கள், அவள் உங்கள் மகள், வாய்ப்புக் கிடைத்தால் நீங்கள் கொல்வீர்களா, மாட்டீர்களா, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். நாவல் இதைப் பெரிய காட்சியாக நீட்டுவதில்லை. சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது.

எனக்கு இந்த நாவலில் ஆகச் சிறந்த இடம் இதுதான். நானூறு பக்கத்துக்கு மேல் ஜேக்கின் சாமர்த்தியத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறோம். கடைசியில் ஜெயித்துக் கொடுப்பது அவரது பேச்சு இல்லை, பெரிதாக நம் கண்ணில் படாத ஒரு பெண்ணின் நேர்மை. வெள்ளைக்கார வக்கீலின் வெற்றிக் கதை என்று கோபப்பட்ட நண்பரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர் கோபம் படத்துக்கு முழுசாகப் பொருந்தும், நாவலுக்கு முக்கால்வாசி பொருந்தும். முக்கால்வாசி என்று ஏன் சொல்கிறேன் என்றால், கேட்டதும் வெள்ளைக்காரர், பதில் சொன்னதும் வெள்ளைக்காரர்கள். ஒரு கறுப்பினச் சிறுமியின் வலி அவர்களுக்கு எட்டுவதற்கு, அவளை மனசுக்குள் வெள்ளைக்காரியாக மாற்ற வேண்டியிருக்கிறது. இதைவிடக் கசப்பான வாக்குமூலம் அந்த ஊரைப் பற்றி இருக்க முடியாது. கிரிஷாம் அதன் கசப்பை முழுக்க உணர்ந்துதான் எழுதினாரா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

பழிவாங்கல் என்று சொன்ன நண்பருக்கு நான் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், அவர் சொன்னதுதான் என்னை இரண்டாம் வாசிப்பில் தூங்கவிடாமல் செய்தது. நீதிபதி காரணம் காட்டித் தீர்ப்பு எழுதும் முறைக்குப் பழகிய நமக்கு ஜூரியின் பலம் சட்டென்று பிடிபடாது. ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. சாட்சியமெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, 'குற்றவாளி அல்ல' என்று சொல்லிவிட்டால் அரசு மேல்முறையீடு செய்ய முடியாது. கார்ல் லீயைக் காப்பாற்றியது இந்தப் பலம்தான்.

இதே மிஸிஸிப்பியில் இதே பலம் முன்பு யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள். 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த எம்மெட் டில் என்ற பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவனை இரண்டு வெள்ளைக்காரர்கள் இரவில் வீடு புகுந்து தூக்கிப் போய்க் கொன்றார்கள். செப்டம்பரில் சம்னர் என்ற ஊரில் விசாரணை. சிறுவனின் பெரிய தாத்தா மோஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று குற்றவாளியை நோக்கிக் கை நீட்டினார். அந்த ஊரில், அந்தக் காலத்தில், ஒரு கறுப்பர் வெள்ளைக்காரரை நோக்கி விரல் நீட்டுவது உயிரைப் பணயம் வைப்பது. முழுக்க வெள்ளைக்கார ஆண்களாலான ஜூரி சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரையும் விடுவித்தது. சில மாதங்களில், 1956 ஜனவரியில், தாங்கள்தான் கொன்றோம் என்று ஒரு பத்திரிகையில் அவர்களே சொன்னார்கள். ஒரு தடவை விடுதலையானவரை அதே கொலைக்காக மறுபடி விசாரிக்க முடியாது. அவர்கள் கடைசிவரை அந்தக் கொலைக்குத் தண்டனை இல்லாமலே வாழ்ந்தார்கள்.

கார்ல் லீக்காகக் கைதட்டும்போது நாம் கைதட்டுவது சம்னரில் அந்த இருவரைக் காப்பாற்றிய அதே கருவிக்கு. உங்கள் நண்பரின் பயம் வெறும் பயமில்லை.

ஆனால் அவர் பார்க்க மறுக்கும் ஒன்றும் நாவலில் இருக்கிறது. சிறையில் கார்ல் லீ, தம் சகோதரர் லெஸ்டரின் வழக்கைச் சொல்கிறார். லெஸ்டரும் கொலை செய்தவர், ஜேக் வாதாடி விடுதலை வாங்கித் தந்தார். என்னையும் அப்படியே எடுத்துவிடு என்பது கார்ல் லீயின் எதிர்பார்ப்பு. ஜேக் சொல்லும் பதில்: லெஸ்டர் கொன்றது ஒரு கறுப்பரை, நீ கொன்றது வெள்ளைக்காரர்களை. இந்த ஒரு பேச்சில் அந்த ஊரின் சட்டப் புத்தகம் முழுக்க அடங்கிவிடுகிறது. ஜூரித் தேர்வில் அரசு வழக்கறிஞர் பக்லி கறுப்பர்களைக் காரணம் சொல்லாமலே ஒவ்வொருவராக நீக்குகிறார். நிறத்தைப் பார்த்து இப்படி நீக்கக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது 1986இல், பேட்சன் வழக்கில். கதை நடப்பது அதற்கு முந்தைய வருடம். சட்டத்தை நம்பிக் காத்திரு என்று ஒரு தகப்பனிடம் சொல்வதற்கு, அந்தச் சட்டம் அவருக்கும் சேர்த்து இருந்திருக்க வேண்டும்.

துணை ஷெரீஃப் லூனியின் குறுக்கு விசாரணையையும் உங்கள் குழுவில் மறுபடி சத்தமாக வாசித்துப் பாருங்கள். கார்ல் லீயின் குண்டு தவறிப் பட்டு ஒரு காலை இழந்தவர் அவர். அரசுத் தரப்புச் சாட்சி. பக்லி அவரைக் கூண்டில் ஏற்றியதே அந்தக் காலை ஜூரிக்குக் காட்டத்தான். ஜேக் எழுந்து, கார்ல் லீயைத் தண்டிக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று கேட்கிறார். பதில் தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்கக் கூடாது என்பது வக்கீல்களின் பாலபாடம். லூனி, எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நானும் அதையே செய்திருப்பேன், அவரை விட்டுவிடுங்கள் என்கிறார். முதல் வாசிப்பில் எனக்குப் புல்லரித்தது. இரண்டாம் வாசிப்பில் லூனியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறி தப்பிய குண்டுக்கு அவர் கொடுத்த விலை அது. ஜேக்கின் வீடு எரிகிறது, அவருடைய செயலாளரின் கணவர் அடிபட்டுச் சாகிறார், உதவிக்கு வந்த சட்ட மாணவியைக் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளையின வெறி அமைப்பின் ஆட்கள் கடத்திச் சித்திரவதை செய்கிறார்கள், காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவர் உடல் செயலிழந்து போகிறார். இவ்வளவையும் நாவல் வேகவேகமாகத் தாண்டிப் போகிறது. த்ரில்லரின் வேகம் நமக்குச் செய்யும் துரோகம் இது. கணக்குப் பார்க்க நேரமே தருவதில்லை.

என்னுடைய பெரிய மனக்குறை டோன்யாதான். உங்கள் ஏழு பேரில் ஒருவர்கூட அவளைப் பற்றிப் பேசவில்லை என்பதைக் கவனித்தீர்களா? குறை உங்களுடையது இல்லை, நாவலே அவளை மறந்துவிடுகிறது. அது தொடங்குவதே அந்த இரண்டு ஆண்களைக் கொண்டுதான். பிறகு அவளுக்காக எல்லாரும் பேசுகிறார்கள், அவள் குரல் மட்டும் அபூர்வமாகத்தான் கேட்கிறது. புத்தகத்தின் தலைப்பு விவிலியத்தில் பிரசங்கி மூன்றாம் அதிகாரத்து வசனம்: 'கொல்ல ஒரு காலமுண்டு, குணமாக்க ஒரு காலமுண்டு'. கிரிஷாம் முதல் பாதியை எடுத்து அட்டையில் போட்டார். அந்தப் பத்து வயதுக் குழந்தை காத்துக்கொண்டிருப்பது இரண்டாம் பாதிக்காக.

யார் சொல்வது சரி என்று கேட்டீர்கள். அழுத நண்பர் கார்ல் லீயின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்திருக்கிறார், ஆசிரியர் நம் எல்லாருக்கும் போட்டு வைத்த நாற்காலி அதுதான். அங்கிருந்து பார்த்தால் விடுதலையைத் தவிர வேறு எதையும் விரும்ப முடியாது. நீங்கள் விரும்பியதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜூரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நான் எப்படி வாக்களித்திருப்பேன் என்று கேட்டால், விடுவித்திருப்பேன். சம்னரை நினைத்துக்கொண்டே, கை நடுங்க விடுவித்திருப்பேன். இதற்கு மேல் சுத்தமான பதில் என்னிடம் இல்லை.

மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் முதல் அத்தியாயத்தை நீங்கள் மறுபடி ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுங்கள், கொடுமை அங்கே பட்டவர்த்தனமாக எழுதப்பட்டிருக்கிறது. கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவள் படிக்கும் நாட்களில் பக்கத்தில் இருங்கள். முடித்ததும், டோன்யா இப்போது என்ன செய்துகொண்டிருப்பாள் என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை எனக்கு எழுத முடிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.