காலையில நொண்டுறா, சாயங்காலம் ஓடுறா... நடிக்கிறாளா?

கேள்வி: அக்கா, எம் பொண்ணுக்கு 9 வயசு. குழந்தைங்களுக்கு வர்ற மூட்டுவாதம்னு சொல்லி தஞ்சாவூர்ல வைத்தியம் பாக்குறோம். காலையில எழுந்தா முட்டி மடங்காது, விரல் மடங்காது, யூனிஃபார்ம் பட்டன் கூட நான்தான் போட்டுவிடணும். சாயங்காலம் பாத்தா தெருவுல பாண்டி ஆடிக்கிட்டிருப்பா. அதப் பாத்துட்டு ஸ்கூலுக்கு மட்டம் போட நடிக்கிறாங்கிறாங்க, டீச்சரும் சரி எங்க மாமியாரும் சரி. "நீயாச்சும் நம்புறியாம்மா"ன்னு கேக்குறா. பொம்பளப் புள்ள, நாளைக்குப் பேச்சு வருமேன்னு சொந்தத்துல யார்கிட்டயும் சொல்லல.
- ஒரு அம்மா, மன்னார்குடி

பதில்: மொதல்ல அவ கேட்டதுக்கு "நம்புறேன்டி தங்கம்"னு வாயத் தொறந்து சொல்லிடுங்கம்மா, மத்ததெல்லாம் அப்புறம். காலையில முடங்கி சாயங்காலம் ஓடுறதுதான் இந்த வியாதியோட குணமே. உடம்போட எதிர்ப்பு சக்தி தன்னோட மூட்டையே தாக்குது, ராத்திரி பூரா அசையாம கெடந்தா அது இறுகிப்போகும், நடமாட நடமாட இளகும், அதான் கிளாஸ்ல ஒரே எடத்துல ரொம்ப நேரம் உக்காந்து எழுந்தாலும் நொண்டுவா. ரத்த டெஸ்ட் நார்மல்னு வந்தாக்கூட வியாதி இருக்கலாம், யாராச்சும் ரிப்போர்ட்டக் காட்டி ஒண்ணுமில்லன்னு சொன்னா மருந்த நிறுத்திடாதீங்க.

டீச்சர்கிட்ட வாக்குவாதம் வேணாம். டாக்டர்கிட்ட லெட்டர் வாங்குங்க, காலையில கொஞ்சம் லேட்டா வரலாம், தரையில இல்லாம பெஞ்சுல உக்காரணும், நடுவுல எழுந்து நடக்க விடணும், பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வேணும், இவ்ளோதான் கேக்கப் போறீங்க. மாமியாருக்கு லெட்டர் எதுக்கு, காலையில வெந்நீர் ஊத்தி விடுற வேலைய அவங்ககிட்டயே குடுத்துருங்க, வீங்கின முட்டியத் தொட்டா சூடு கையிலயே தெரியும், நீங்க சொல்லி நம்பாதத அவங்க கையே சொல்லிரும். மார்கழிப் பனியில இன்னும் ஜாஸ்தியாகலாம், அதையும் இப்பவே சொல்லி வைங்க.

சொந்தக்காரங்ககிட்ட மறைக்கிறீங்க பாருங்க, அது எனக்குப் புடிக்கல. கல்யாணப் பேச்சுக்கு இன்னும் எவ்ளோ வருஷம் கெடக்கு, இப்ப நீங்க மூடி மூடி வச்சா, தான் ஏதோ அசிங்கம் பண்ணிட்டோம்னு அவ நெனச்சுக்குவா. "எனக்கு மூட்டுல வீக்கம் வரும், காலையில ஜாஸ்தி, யாருக்கும் ஒட்டாது"ன்னு ஒரு வரி அவளுக்கே சொல்லிப் பழக்குங்க. ஃபிரண்ட்ஸ்ல யார்கிட்ட சொல்லணுங்கிறது அவ இஷ்டம்.

நொடிக்கொருதரம் "வலிக்குதா வலிக்குதா"ன்னு கேக்காதீங்க, காலையில ஒருதரம் போதும். விளையாட்டத் தடுக்காதீங்க, சைக்கிளும் நீச்சலும் ரொம்ப நல்லது, ஆடிப்பெருக்குக்கு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போங்க, படித்துறையில எறங்கறப்ப மட்டும் கையப் புடிச்சுக்கங்க.

மருந்து மெத்தோட்ரெக்ஸேட்டா இருந்தா அது வாரத்துக்கு ஒருநாள் போடுறது, மறதியில தெனம் குடுத்தா ஆபத்து, காலண்டர்ல கிழமையக் குறிச்சிருங்க. இன்னொண்ணு, இந்த வியாதி சில புள்ளைங்களுக்குக் கண்ணுக்குள்ளயும் வீக்கம் குடுக்கலாம், பெரும்பாலும் கண்ணு செவக்காது, வலிக்காது, பார்வை கொறைஞ்ச பிறகுதான் தெரியும். கண் டாக்டர்கிட்ட இருக்குற ஸ்லிட் லேம்ப் மெஷின்ல பாத்தாத்தான் புடிபடும், எத்தன மாசத்துக்கு ஒருதரம் பாக்கணும்னு அடுத்த தடவை தஞ்சாவூர் போறப்ப கேட்டு சீட்டு வாங்கிட்டு வந்துருங்க.