பம்ப் அலறினால் பம்பைக் குறை சொல்லாதீர்கள்

கேள்வி: பழுதான வண்டிகளை இழுக்கும் எங்கள் ரெக்கவரி லாரியில், ஆயில் அழுத்தத்தில் கம்பிக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் ஹைட்ராலிக் விஞ்ச் ஒன்றைப் புதிதாக மாட்டினோம். பிடிஓவை (இன்ஜின் சக்தியைப் பம்புக்குக் கொடுக்கும் இணைப்பை) போட்டதும் பம்ப் அலறுகிறது, கயிறு சுற்றும் டிரம் விட்டுவிட்டுச் சுற்றுகிறது. டேங்க்கில் ஆயில் பால் மாதிரி வெளுத்துவிட்டது. பம்பை மாற்றிவிடலாம் என்கிறார் சூப்பர்வைசர். மாற்றலாமா அண்ணே?
– வாசகர், பயனியர் ரோடு, சிங்கப்பூர்

பதில்: வேண்டாம் தம்பி. முதலில் பிடிஓவை நிறுத்துங்கள். அந்தச் சத்தத்தோடு ஓட ஓட பம்ப் தேய்ந்துகொண்டே போகும். நீங்கள் சொன்ன மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆயிலோடு காற்றும் பம்புக்குள் போகிறது என்றுதான் தோன்றுகிறது.

டேங்க்கிலிருந்து பம்புக்கு வரும் சக்‌ஷன் ஹோஸைப் பாருங்கள். அங்கே கிளாம்ப் தளர்ந்திருந்தால், ஓடும்போது ஆயில் வெளியே சொட்டாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலரும் அதைக் கவனிப்பதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, ஒரு இணைப்பில் கெட்டியாகக் கிரீஸ் பூசி, ஐடிலில் (ஆக்சிலரேட்டர் கொடுக்காமல்) அரை நிமிடம் ஓடவிடுங்கள். சத்தம் குறைந்தால் இடம் அதுதான். இல்லையென்றால் அடுத்த இணைப்பு. சுழலும் ஷாஃப்ட் பக்கம் கை போகவே கூடாது. ரிட்டர்ன் குழாயின் முனை ஆயிலுக்குள் முங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். மேலிருந்து ஊற்றினால் நுரைதான் வரும்.

டேங்க்கின் அடி வால்வு முழுதாகத் திறந்திருக்கிறதா? துவாஸ் பட்டறையில் ஒருமுறை அதைத் திறக்க மறந்து ஸ்டார்ட் செய்தேன். புத்தம் புது பம்ப் சில நிமிடங்களில் போய்விட்டது. அன்று முதல், வால்வை மூடினால் லாரிச் சாவியை அதன் கைப்பிடியிலேயே மாட்டிவிடுகிறேன்.

கசிவை அடைத்தபின் ஆயிலை ஒரு இரவு விடுங்கள். காலையில் தெளிந்திருந்தால் காற்று. வெண்மை போகவில்லையென்றால் தண்ணீர் கலந்திருக்கலாம். நம் ஊர் மழைக்கு டேங்க் மூடியையும் பாருங்கள், ஆயிலை மாற்றுங்கள்.

அப்புறம் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஐடிலிலேயே, சுமை இல்லாமல், டிரம்மை இரண்டு பக்கமும் மெதுவாகச் சுற்றுங்கள். ஹோஸ்கள் நிறைய நிறைய டேங்க்கில் அளவு இறங்கும், ஊற்றிக்கொள்ளுங்கள். இழுவை போதவில்லை என்று அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வை முறுக்கிவிடாதீர்கள். அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மாட்டி, விஞ்ச் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்துக்கு மட்டும் வையுங்கள். வயர் ரோப்பை லேசான இழுவையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் பாரம் ஏறும்போது மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்துவிடும். எவ்வளவு இழுத்துவிட்டாலும் டிரம்மில் குறைந்தது 5 சுற்று மிச்சம் இருக்கட்டும். முதல் நாள் வேலை முடிந்ததும் விஞ்ச்சின் போல்ட்டுகளை முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து இன்னொரு முறை பாருங்கள்.