கியூ கிளாஸ் எழுதும்போது வரும் சந்தேகங்கள்: கேள்வி பதில்

பைத்தானில் லிஸ்டை இன்ஹெரிட் செய்து (அதன் வாரிசு கிளாஸாக) கியூ, அதாவது முதலில் வந்தவர் முதலில் போகும் வரிசை, எழுதினேன். நன்றாக ஓடுகிறது, ஆனால் எங்கள் சார் தப்பு என்கிறார். ஏன்?

சார் சொல்வதுதான் சரி. லிஸ்டை இன்ஹெரிட் செய்தால் அதன் எல்லா மெதடுகளும் கூடவே வந்துவிடும். இன்சர்ட்டைக் கூப்பிட்டு யார் வேண்டுமானாலும் நடுவில் புகலாம். ரேஷன் கடையில் இதை நாம் விடுவோமா? ஜாவாவிலேயே இந்தப் பிழை இருக்கிறது. அதன் ஸ்டாக் கிளாஸ் (கடைசியில் வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கு) லிஸ்ட் போன்ற வெக்டரை எக்ஸ்டெண்ட் செய்கிறது, அதாவது இன்ஹெரிட் செய்கிறது, அதனால் ஸ்டாக்கின் நடுவிலும் எதையாவது செருக முடிகிறது. லிஸ்டை உள்ளே பிரைவேட்டாக வையுங்கள். சேர், எடு, முன்னால் யார், காலியா, எத்தனை பேர் என்று ஐந்து மெதடுகள் வெளியே தெரிந்தால் போதும்.

லிஸ்டின் முதல் ஆளை எடுக்க பாப்(0) போட்டால் ஏன் மெதுவாகிறது?

முதல் ஆள் போனதும் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் ஓரிடம் முன்னே நகர வேண்டும். லட்சம் பேர் என்றால் ஒவ்வொரு முறையும் லட்சம் நகர்வு. கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் உள்ள டெக் (deque, இரு முனையிலும் சேர்க்கவும் எடுக்கவும் முடிந்த வரிசை) இதற்கென்றே இருக்கிறது, பைத்தான் 2.4 முதல்.

வட்ட வரிசையில் (அரேயின் கடைசி இடத்துக்கு அடுத்து மறுபடி 0-க்கே திரும்பும் வரிசை) தலையும் வாலும் ஒரே இடத்தில் நின்றால் காலியா, நிறைந்ததா?

இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். வாலை விட்டுவிட்டு, தலையையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கை 0 என்றால் காலி, அரேயின் அளவுக்குச் சமம் என்றால் நிறைந்தது. 5 இடமுள்ள அரே, தலை 3, உள்ளே 2 பேர் என்று வையுங்கள். அவர்கள் 3, 4-இல் இருக்கிறார்கள். அடுத்தவருக்கு இடம் (3+2)ஐ 5-ஆல் வகுத்த மீதி, அதாவது 0.

அரேயைப் பெரிதாக்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். அதே அரே நிறைந்துவிட்டது, தலை இன்னும் 3-இல்தான். வரிசை 3, 4, 0, 1, 2 என்று போகிறது. இதை 10 இடமுள்ள அரேக்கு அப்படியே காப்பி செய்தால் 4-க்கு அடுத்து 5 வரும், அங்கே யாருமில்லை! தலையிலிருந்து ஒவ்வொருவராக எடுத்து 0, 1, 2 என்று புது அரேயில் வைத்து, தலையை 0 ஆக்குங்கள். என் மாணவர்களை முதலில் தாளில் கட்டம் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

எடுத்த பிறகு அந்த இடத்தை நல் (null, ‘எதுவுமில்லை’ என்ற மதிப்பு) ஆக்க வேண்டுமா?

கட்டாயம். இல்லாவிட்டால் அரே அந்த ஆப்ஜெக்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும், தேவையற்ற ஆப்ஜெக்டுகளை நினைவகத்திலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் அதைத் தொடாது.

காலி வரிசையில் எடுத்தால் நல் தரலாமா, எக்ஸெப்ஷன் (பிழை அறிவிப்பு) எறியலாமா?

ஜாவாவில் இரண்டும் உண்டு: ரிமூவ் (remove) மெதட் எக்ஸெப்ஷன் எறியும், போல் (poll) மெதட் நல் தரும். அதனால்தான் ஜாவாவின் அரேடெக் (ArrayDeque) கிளாஸ் தனக்குள் நல்லைச் சேர்க்க விடுவதில்லை. சேர்க்க விட்டால், வந்த நல் உள்ளே இருந்ததா, காலி என்பதற்கான அடையாளமா என்று தெரியாது. கற்கிறவர்கள் எக்ஸெப்ஷனையே எறியுங்கள், பிழை நடந்த வரியிலேயே பிடிபடும்.